வேட்டிக்குக் கீழே பச்சை சாக்ஸ்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. மனோகரன் கேட்டது நாலு வரி. அதுவும் வாட்ஸ்அப்பில் அனுப்ப.

மனோகரன் திருமுல்லைவாயிலில் எனக்குப் பக்கத்து வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஃபோர்மேன். தகட்டைக் கொடுத்தால் கிண்ணமாக்கித் தருவான். பேனாவைக் கொடுத்தால் வியர்த்துவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து நின்றான்.

"நைனா, தங்கச்சிக்கு ஒரு மெசேஜ் போடணும். மன்னிப்பு கேக்கற மாதிரியும் இருக்கணும், கேக்காத மாதிரியும் இருக்கணும்."

அப்படி ஒரு வாக்கியம் தமிழில் இருந்திருந்தால் பாதிக் குடும்பங்கள் இன்னும் ஒரே வீட்டில் இருந்திருக்கும். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தேடியதில் நாலு வரி பெருத்து, எண் போட்ட பகுதிகளாகப் பிரிந்து, கதை என்று சொல்லிக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. நான் கண்டதைக் கண்டபடி சொல்கிற ஆள் இல்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். வயசாகிவிட்டது, இனிமேல் திருந்தி யாருக்கு லாபம்? ஆனால் நாணயஸ்தன். கூட்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "அன்று ஞாயிற்றுக்கிழமை. வானம் மேகமூட்டத்துடன்..."

(விட்டுவிட்டேன். ஜன்னலே இல்லாத கட்டடத்துக்குள் நடக்கும் கதைக்கு வானம் எதற்கு?)

இரண்டாம் தொடக்கம்: "அண்ணன் தங்கைப் பாசம் என்பது..."

(இதை எழுதிய கையை சோப்புப் போட்டுக் கழுவினேன்.)

மூன்றாம் தொடக்கம்: "லிஃப்டு பெருசா கீது. ஊடுதான் சின்னது."

இது நிற்கட்டும். எல்லாம் இதில்தான் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனோகரனின் தங்கை ஷர்மிளாவும் அவள் புருஷன் பிரசன்னாவும் வெள்ளானூரில் ஃப்ளாட் வாங்கினார்கள். புதுமனை புகுவிழாவுக்கு மனோகரன் சீர்த்தட்டோடு போனான். நாலாவது மாடி. லிஃப்டில் ஏறினான், இறங்கினான், ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். பிரசன்னாவின் ஆபீஸ்காரர்கள் இருபது பேர் தட்டும் கையுமாக நிற்க, மேற்படி வாக்கியத்தைச் சொன்னான். லிஃப்டைப் பாராட்டியதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். அன்றோடு ஷர்மிளா பேச்சை நிறுத்திவிட்டாள்.

பேசாமல் இருப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் நிம்மதியாக இருக்கின்றன. ஆனால் ஷர்மிளாவின் மகள் வர்ஷாவுக்கு அஞ்சு வயசு. இந்த வெள்ளிக்கிழமை மாங்காட்டில் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். முதல் கம்மலும் அவன் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். அதற்குத் தங்கை வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து அழைக்க வேண்டும். கூப்பிடாத இடத்துக்கு மடியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

தட்டு வரவில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் அழகேசனை மடிக்குச் சொல்லி வைத்திருப்பதாகக் காற்றுவாக்கில் சேதி மட்டும் வந்தது. மனோகரன் கம்மலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரசன்னாவுக்குப் போன் போட்டான். "மாப்ள, ஞாயித்துக்கெழமை புள்ளைக்கு எங்கனா வெளையாட்டு காட்டலாம் வாங்க."

3.

டிங்கோ லேண்ட் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. விளையாட்டும் பீட்ஸாவும் ஒரே கூரையின் கீழ். விளம்பரத்தில் அருவி கொட்டும். நேரில் அது ஒரு நீலத் துணி, பின்னால் ஒரு டேபிள் ஃபேன். வாசலில் டிங்கோ என்கிற பொம்மை வேஷம் நிற்கும். அது கரடியா கங்காருவா என்று பெற்றவளுக்கே தெரியாது.*

(* பெற்றவளை நான் விசாரிக்கவில்லை.)

மரியாதையான சந்திப்பு என்பதால் மனோகரன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். கையில் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி கொடுத்த எவர்சில்வர் டப்பா நிறையப் புளியோதரை. கூடவே அவள் கொடுத்த புத்திமதி: "போற எடத்துல வாயை மட்டும் தொறக்காத."

வாசலில் செக்யூரிட்டி அம்மா டப்பாவைப் பிடித்துக்கொண்டார். "வெளிச் சாப்பாடு அலவ்ட் இல்ல சார்."

"வெளிச் சாப்பாடு இல்லம்மா. ஊட்டுச் சாப்பாடு."

"ஊட்டுச் சாப்பாடும் வெளிச் சாப்பாடுதான் சார்."

இந்தத் தத்துவத்துக்கு மனோகரன் தலை வணங்கினான். டப்பா கவுண்டருக்கு அடியில் போனது. அடுத்தது சாக்ஸ். வழுக்காத சாக்ஸ் இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. அதை அங்கேதான் வாங்க வேண்டும். பெரியவர் அளவில் பச்சை மட்டும்தான் இருந்தது, அதிலும் டிங்கோவின் மூஞ்சி. வேட்டிக்குக் கீழே இரண்டு பச்சை டிங்கோக்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நடந்தன.

மகளுக்காகப் புருஷனோடு வந்திருந்த ஷர்மிளா பார்த்தாள். சிரிப்பு வந்தது. பேசாதவர்கள் சிரிக்கக் கூடாது என்பதால் மகளிடம் சொன்னாள்: "வர்ஷா, மாமாவை வேட்டியைக் கொஞ்சம் எறக்கிக் கட்டச் சொல்லு."

"வர்ஷா, எறக்கினா தடுக்கும்னு அம்மாகிட்ட சொல்லு."

நடுவில் நின்ற வர்ஷா இரண்டு பக்கமும் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் காது கேக்குது இல்ல?" என்றாள்.

4.

இந்த இடத்தில் விளையாட்டுகளை வர்ணிக்க வேண்டும். வர்ணித்தால் இலவச விளம்பரமாகிவிடும். ஒன்று மட்டும். துளைக்குள்ளிருந்து தலை தூக்கும் தவளைகளைச் சுத்தியலால் அடிக்கும் மெஷின். இருபது வருஷம் பிரஸ்ஸில் நின்ற கை மனோகரனுடையது. ஏழாவது அடியில் ஒரு தவளை உள்ளே போனது, திரும்பி வரவில்லை. எட்டாவது அடியில் மற்ற தவளைகள் வெள்ளைக் கொடி காட்டின.*

(* கொடி இல்லை. மற்றது உண்மை.)

மெஷின் முழ நீளத்துக்குக் கூப்பன் துப்பியது. கொண்டுபோய்க் கொடுத்ததில் பரிசு: பீட்ஸா வடிவத்தில் ஒரு ரப்பர்.

"இதுக்கா மாமா இவ்ளோ அடிச்ச?" என்றாள் வர்ஷா.

5.

இந்த இடத்தில் எனக்கு மனோகரன் மேல் சந்தேகம் வந்தது. பாத்திரம் நம்பும்படியாக இல்லை. சொல்ல வேண்டியது ஒரு வரி, சொல்ல வேண்டியவள் எதிரிலேயே இருக்கிறாள், மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு தவளை அடிப்பானா ஒருவன்? எழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே கேட்டேன்.

"இன்னா சொல்லச் சொல்ற நைனா? போன தபா பேசினதுக்கே ரெண்டு வருசம். பீட்ஸா நல்லா கீதுன்னு சொல்லலாம்னு பார்த்தேன். அதுவும் நல்லா இல்ல."

பாத்திரம் நம்பும்படியாகிவிட்டது. மேலே போகலாம்.

6.

டிங்கோ எக்ஸ்பிரஸ் என்று ஒரு குட்டி ரயில். நாலு பெட்டி, ஒரு குகை, ஒரே சுற்று. ஏறும் இடத்தில் ஒரு பலகை: "நான்கு அடிக்குக் குறைந்த குழந்தைகள் பெரியவர் மடியில் மட்டுமே அமர வேண்டும்."

எனக்கே கூச்சமாக இருக்கிறது. மடிக்கு ஏங்குகிறவன் கதையில் மடியில் உட்காரச் சொல்லும் பலகை! வேறொருவர் எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தூக்கம் போட்டிருப்பேன். ரயிலை எடுத்துவிட்டு ராட்டினம் வைத்துப் பார்த்தேன்; ராட்டினம்... (இல்லை, அதுவும் சரிப்படவில்லை.) கடைசியில் செவ்வாய்க்கிழமை நானே நேரில் போய்ப் பார்த்தேன். பலகை இருக்கிறது. பார்ப்பதற்கு எனக்கும் பச்சை சாக்ஸ் மாட்டிவிட்டார்கள். ஆகவே இந்தப் பகுதியில் நட்சத்திரம் எதுவும் கிடையாது.

பிரசன்னாவுக்கு முதுகு வலி, ஐ.டி. வேலை, ஆபீஸ் நாற்காலியைத் தவிர எதிலும் உட்கார வராது. ஷர்மிளாவுக்குத் தலை சுற்றும். யார் போவது என்று பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்குள், இடம் பிடித்து வைக்க முன் பெட்டியில் ஏறியிருந்த மனோகரன் மடியில் வர்ஷா போய் உட்கார்ந்துவிட்டாள். அஞ்சு வயசுக்குத் தட்டாவது தாம்பூலமாவது.

ரயில் குகைக்குள் நுழைந்ததும் நின்றது. மின்வெட்டு என்று முதலில் எழுதியிருந்தேன். வேட்டி நுனி சக்கரத்தில் மாட்டிக்கொண்டது என்பதே உண்மை. ஆள் வந்து எடுத்துவிட நாலு நிமிஷம் ஆயிற்று. இருட்டு.

"மாமா, உன் பாக்கெட்ல இன்னாவோ குத்துது."

"ஒண்ணுமில்ல."

"பொட்டி."

"ம்."

"எனக்கா?"

"உங்கம்மா சொன்னா உனக்கு."

வர்ஷா சட்டைப்பையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "காது குத்துனா வலிக்குமா மாமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அவ்ளோதான்."

"அப்போ நீ என்னைப் புடிச்சுக்குவியா?"

மனோகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். குகையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, இருந்தாலும் துடைத்துக்கொண்டான். "ரயில் கெளம்பப் போவுது, நேரா உக்காரு," என்றான்.

வெளியே வந்ததும் வர்ஷா நேராக அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, மாமா பாக்கெட்ல ஒரு பொட்டி கீது!"

"கீது இல்ல. இருக்குன்னு சொல்லு."

"மாமா பாக்கெட்ல ஒரு பொட்டி இருக்கு!"

ஷர்மிளா அந்தச் சட்டைப்பையைப் பார்த்தாள். கிரீஸ் கறையோடு கிழிந்து தொங்கிய வேட்டியைப் பார்த்தாள். சாக்ஸைப் பார்த்தாள்.

"கையைக் கழுவிட்டு வா. பீட்ஸா வந்துடுச்சு," என்றாள் மகளிடம்.

7.

பீட்ஸாவைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை. மேலே இருந்த சீஸ் ரெக்சின் சீட்டுப் போல இருந்தது. ஷேர் ஆட்டோவுக்குப் போட்டிருந்தால் பத்து வருஷம் உழைத்திருக்கும்.* வர்ஷா பந்துக் குளத்துக்கு ஓடிவிட்டாள். தூது போக ஆள் இல்லை. மனோகரன் பீட்ஸாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரசன்னா போனைப் பார்த்தான். ஷர்மிளா காற்றிடம் சொன்னாள்: "டிஷ்யூ இங்க இருக்கு."

(* எட்டு வருஷம்.)

இரண்டு வருஷத்தில் முதல் வாக்கியம். காற்று அதை எடுத்துக்கொண்டுபோய் மனோகரனிடம் சேர்த்தது. அவன் ஒரு டிஷ்யூ எடுத்து, துடைக்காமல் மடித்து வைத்துக்கொண்டான்.

வெளியே வரும்போது செக்யூரிட்டி அம்மா டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். வண்டி நிறுத்துமிடத்தில் வர்ஷா பசி என்று அழுதாள். கார் பானட் மேல் டப்பாவைத் திறந்து வைத்தார்கள். நாலு பேரும் நின்றபடியே, கையால், பேசாமல், கடைசிப் பருக்கை வரை தின்றார்கள். காலி டப்பாவை ஷர்மிளா எடுத்துக்கொண்டாள். "வர்ஷா, கழுவித் தரேன்னு மாமாகிட்ட சொல்லு."

(குடும்பத்தைப் புளியோதரை ஒன்று சேர்த்தது என்று முடிய வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நல்ல ஸ்டாப்பிங்தான். ஆனால் ஒருவன் சோற்றைத் தின்பது வேறு, அவனை மடிக்கு அழைப்பது வேறு.)

8.

முடிவுகள்.

அ) ஷர்மிளா கண்ணீரோடு ஓடி வந்து "அண்ணா!" என்று... (கண்ணீருக்கு வேறு கதாசிரியர்கள் இருக்கிறார்கள்.)

ஆ) வெள்ளிக்கிழமை. அழகேசன் மடி. மனோகரன் கோயில் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று... (மனோகரன் எண்பத்தெட்டு கிலோ. அந்தக் கோயிலில் அவ்வளவு பருத்த தூண் எனக்கு நினைவில்லை.)

இ) முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்.

மூன்றாவதுதான் நாகரிகம் என்கிறார்கள். ஆனால் நீங்கள் காதுகுத்துக்கு அழைக்கப்பட்டவர் இல்லையே. உங்களிடம் விட்டு என்ன ஆகப்போகிறது? இந்த முடிவு ஒரே ஒரு வாசகியின் கையில் இருக்கிறது. வெள்ளானூர், நாலாவது மாடி. ஆகையால் செவ்வாய்க்கிழமை டிங்கோ லேண்டோடு நிற்காமல் அங்கேயும் போய், மேலும் கீழும் இரண்டு தரம் லிஃப்டில் போய் அளந்தேன். ஆறடிக்கு அஞ்சடி. ஷர்மிளா, வீடு அதைவிடப் பெரிதுதான் அம்மா. இது உன் கைக்கு வந்தால் உன் அண்ணன் ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். எழுத்தில் வந்தாயிற்று.

புதன்கிழமை இவ்வளவையும் மனோகரனிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா இது? நாலு வரிதானே கேட்டேன்."

"இதை அப்படியே அனுப்பு."

"என் வேட்டி கிழிஞ்சதெல்லாம் எதுக்கு?"

"அதுதான்யா உயிர்."

வெள்ளிக்கிழமைக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று போகிறபோக்கில் சொன்னான். என்ன காரணம் போட்டாய் என்றேன். "தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் நான்னு போட்டேன்." அதை மட்டும் யாரிடமும் எழுதித் தரச் சொல்லி அவன் நிற்கவில்லை.

பிறகு போனை எடுத்தான். கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, வியர்த்து, அனுப்பிவிட்டு என்னிடம் காட்டினான்.

"உங்க அண்ணி டப்பா கேக்குறா."

மூன்று நாளாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம். மன்னிப்பு கேட்கிற மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. சோறு வந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. அதில் என்னத்தையாவது வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். சர்க்கரையோ, நாலு பழமோ, வெற்றிலை பாக்கோ.

இப்போது வியாழக்கிழமை சாயங்காலம். மனோகரன் வேலையிலிருந்து சீக்கிரமே வந்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். சட்டைப்பை புடைத்திருக்கிறது. தெருமுனையில் ஒரு கார் திரும்புகிற சத்தம் கேட்கிறது. கதவு திறக்கிறது. எவர்சில்வர் எதிலோ இடிக்கிறது. ஒரு குழந்தை "மாமா!" என்கிறது.

நான் எழுந்து எட்டிப் பார்த்தால், டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பார்க்கப் போவதில்லை. பார்த்தால் ஒரு நட்சத்திரம் போட வேண்டி வரும்.