இரண்டு கரண்டிச் சாப்பாடு

வெள்ளவத்தையில் நேசமலரின் நான்காம் மாடி வீட்டுக்கு ஆறாயி வேலைக்கு வந்து ஆறு வருடம். எத்தனையோ ஏச்சுக்களை விழுங்கியிருக்கிறாள். ஆனால் அந்த நாய்க்குட்டி வந்த நாளிலிருந்து, அது படும் பாட்டை அவளால் பொறுக்க முடியவில்லை.

நாலு மாதப் பொமரேனியன் குட்டி. ரூபி என்று பெயர். யாரையும் பார்த்துக் குரைக்காது, மடியைக் கண்டால் சுருண்டு படுக்கும். அதற்குக் காலையில் இரண்டு கரண்டி, பின்னேரம் இரண்டு கரண்டி. அவ்வளவுதான்.

“கூடக் குடுத்தா வளந்திடும், ஆறாயி. குறைச்சுக் குடுத்தா கைக்குள்ள அடங்கிற மாதிரியே நிக்குமெண்டு வித்தவன் சொன்னவன்,” என்றாள் நேசமலர்.

“குட்டின்னா வளரத்தானேம்மா செய்யும்?”

ஆறாயி ஒருநாள் பாதி முட்டை ஊட்டியதைக் கண்டதும் நேசமலர் ரூபியின் சாப்பாட்டு டின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை நேசமலர் கோயிலுக்குப் போயிருந்தாள். குசினி நிலத்தை நக்கிக்கொண்டிருந்த ரூபி தள்ளாடிச் சரிந்தது. கால்கள் வெட்டி இழுத்தன. ஆறாயி சீனியைத் தண்ணீரில் கரைத்து அதன் ஈறில் தடவினாள். கண் திறந்ததும் துவாயில் சுற்றிக்கொண்டு த்ரீவீல் பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினாள். வழியிலேயே நேசமலருக்குப் போன் போட்டாள்.

டொக்டர் அம்னா ஊசி போட்டு, குட்டியின் நிறையைப் பார்த்தாள். எழுநூறு கிராம். விலா எலும்புகளை விரலால் எண்ணலாம் போலிருந்தது. நேசமலர் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“பட்டினியாலதான் ரத்தத்தில சீனி இறங்கி இழுத்திருக்கு. யாரு சாப்பாடு குடுக்கிறது?” என்றாள் அம்னா.

“இவள்தான். நான் சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன். நேரத்துக்குக் குடுக்கிறாளில்லை.”

ஆறாயி நேசமலரின் பக்கம் திரும்பினாள்.

“பொய் சொல்லாதீங்க! டின்ன பூட்டுனது யாரு? பாதி முட்டைக்கு என்னைய என்ன பேச்சு பேசுனீங்க? வாயில்லாத ஜீவன்மா! காட்டி மெச்சிக்கிறதுக்கு அத பட்டினி போடுறீங்களே!”

வெளியே பூனைக் கூடையுடன் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நேசமலர் முகம் கறுத்து நின்றாள்.

“வளரவேண்டிய அளவுக்கு அது வளந்தே ஆகணும் மேடம்,” என்றாள் அம்னா. “ஒரு நாளைக்கு நாலு தரம் குடுங்க. இன்னொரு தரம் இழுத்தா பிழைக்காது.”

அன்று பின்னேரமே டின் குசினி மேசைக்கு வந்தது. நேசமலர் மன்னிப்பும் கேட்கவில்லை, வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. ரூபி நாலு வேளையும் தின்று, ஒரு மாதத்தில் சோபாவில் பாய்ந்து ஏறும் அளவுக்குத் தேறியது.

ஒருநாள் பக்கத்து வீட்டு சுபோதினி வந்து அதைத் தூக்கிக் கொஞ்சினாள்.

“நல்லா வளத்திருக்கிறீங்கள், அன்ரி.”

“ஓம், பிள்ளை மாதிரிப் பாத்துப் பாத்துத்தானே குடுக்கிறனான்,” என்றாள் நேசமலர்.

குசினியில் ஆறாயி கையிலிருந்த சட்டியை, ஹோலில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, சிங்குக்குள் போட்டாள்.