அரை மணி முந்தி மூடிய ரயில்வே கேட்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பஸ் நிறுத்தத்தில் பிறந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று குவீன்ஸ்டவுன் வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம், பஸ் வர இருபது நிமிஷம் இருக்கும்போதே போய் நின்றேன். போக வேண்டிய இடமும் பெரிதாக ஒன்றுமில்லை. என்னைப் போல அவசரம் பிடித்த ஒருவனைச் சிங்கப்பூரில் ரயில் புதிதாக ஓடிய காலத்துக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

2

முதல் தொடக்கம்: ‘1904. கப்பலிலிருந்து இறங்கிய துரைசாமி வானத்தை அண்ணாந்து—’

வேண்டாம். கப்பலிலிருந்து இறங்குகிற எல்லோரும் கதைகளில் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். நேராகவே சொல்கிறேன்.

துரைசாமி அரக்கோணத்தில் பதினோரு வருஷம் ரயில்வே கேட் காத்தவன். அங்கே ஒரு வண்டி போய் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். சாப்பாடெல்லாம் நின்றபடிதான். இங்கே சிங்கப்பூர் வந்த பிறகு புக்கிட் தீமா சாலைப் பக்கம் ஒரு கேட்*, நாளைக்கு நாலே வண்டி. கேட்டை ஒட்டிச் சின்ன வீடு, மனைவி தங்கம், இரண்டு வாழை. ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? பத்தரை வண்டிக்குப் பத்து மணிக்கே மூடிவிடுவான். மாட்டுவண்டிகளும் ரிக்‌ஷாக்களும் வெயிலில் காயும்.

இரண்டு புகார் போயாயிற்று. மூன்றாவது வந்தால் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

(*அங்கே அப்படி ஒரு கேட் இருந்ததா, எனக்குத் தெரியாது. நாலு வண்டி என்பதும் நானாக வைத்துக்கொண்டது.)

3

[இந்த இடத்தில் துரைசாமி மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேலை போகும் என்று தெரிந்தும் ஒருவன் இப்படிச் செய்வானா? தங்கத்திடம் கேட்டேன். “அங்க ஒரு நிமிஷம் தப்புனா உசிரு போயிரும்ங்க. அந்தப் பயம் இன்னும் உடம்புல இருக்கு. அவரத் திட்டாம எழுதுங்க” என்றாள். சரி என்றேன்.]

4

மூன்றாவது புகாருக்கு ஆள் வந்தான். காதர் மைதீன், ஐஸ் வண்டிக்காரன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் சர்பத்துக்கு ஐஸ் கேட்டிருந்தார்கள். மரத்தூளும் சாக்கும் போட்டு மூடியிருந்தும், கேட்டுக்கு முன்னால் வண்டி சொட்டிக்கொண்டே நின்றது.

“ரயில் எத்தன மணிக்கு அண்ணே?”

“பத்தரை.”

“இப்ப?”

“பத்து.”

“அப்ப யாருக்காக மூடி வச்சிருக்கீங்க? ஐஸ் கேட்டவங்களுக்கு நான் தண்ணி கொண்டு போறேன் லா!”

துரைசாமி வண்டியடியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தான். “புகார் எழுதிப் போட்ருங்க பாய். உங்க மேல தப்பில்ல.”

இங்கிருந்து கதை மூன்று வழியில் போகலாம். காதர் மைதீன் புகார் எழுதுகிறான், துரைசாமிக்குக் கப்பல். அல்லது கேட் திறந்த நேரத்தில் ஒரு விபத்து. என் பேனாவுக்கு அதில்தான் ஆசை, சொல்ல வெட்கமாக இருக்கிறது. தங்கத்தோடு பேசிய பிறகு அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆகவே மூன்றாவது வழி.

5

துரைசாமி கேட்டைத் திறந்தான். வண்டி தண்டவாளத்தைத் தாண்டி நின்றது. காதர் மைதீன் இறங்கி, மிஞ்சிய கட்டியில் ஒரு துண்டை உடைத்து அவன் கையில் வைத்தான்.

“புகார் எழுத எனக்கு ஏது நேரம்? நேரம் உங்ககிட்டதான் இருக்கு அண்ணே. போய்ச் சாப்பிடுங்க.”

கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு துரைசாமி உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் உட்கார்ந்து சாப்பிட்டுத் தங்கம் பார்த்ததில்லை. இலை போட அவளுக்குக் கை ஓடவில்லை.

“நீயும் உக்காரு” என்றான்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு காலை அவர்களுக்குக் கிடைத்ததற்கு, அதை உட்கார்ந்து எழுத எனக்கொரு காலை கிடைத்ததற்கு, யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

6

முடிவை நான் எழுதப் போவதில்லை. இப்போது மணி பத்து பத்து. ரயிலுக்கு இருபது நிமிஷம். கேட் திறந்திருக்கிறது, சாலையில் யாரும் காத்து நிற்கவில்லை. துரைசாமி கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். நேரம் பார்த்து அவனை எழுப்புவது இனி உங்கள் பொறுப்பு. ஐந்து நிமிஷம் முன்னால் சொன்னால் தாராளமாகப் போதும். இப்போதே கூப்பிட்டுவிடாதீர்கள், அவன் இன்னும் ரசத்துக்கே வரவில்லை.