பதினோராம் அலைக்கு வந்த கருத்துகள்

"பதினோராம் அலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தில் வருவது ஒரே ஒரு அலை. மீதிப் பத்தும் எந்த டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டன?" என்று லீட்ஸ்காரர் ஒருவர் எழுதி, ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

லோர்னா டக்வெல் அதை முதலில் மனதுக்குள் படித்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு வாய்விட்டுப் படித்தாள்.

"'அலை வர்ற சீன் பிரமாதம். கூட்டத்துல கீழ விழறாரே அந்தப் பெரியவர், அவரு நிஜமான கலைஞர்.' நாலு நட்சத்திரம்."

ஜன்னலோர நாற்காலியில் இருந்த ரோலண்டின் வாயில் ஒரு பாதி சிரித்தது. மறுபாதி பக்கவாதத்தோடு போய்விட்டது.

"எந்த... ஊரு?"

"லீட்ஸ்."

அதை மட்டும் மாற்றாமல் சொன்னாள்.

சாயங்காலத் தேநீருக்கு இப்போதெல்லாம் பிஸ்கட்டோடு இதுவும் வேண்டியிருந்தது அவனுக்கு. எழுத்துகள் கலைந்த எறும்பு வரிசை மாதிரி தெரிவதால் அவனால் படிக்க முடியாது. பேச்சு நன்றாகப் புரியும். அதனால் அவள் படிப்பாள். படிக்கிற சாக்கில் புதிதாகவே எழுதினாள் என்று சொல்வதுதான் சரி. அந்தப் படம் காசு கட்டிப் பார்க்கிற ஏதோ ஒரு தளத்தில் ஓடியது. நம் வீட்டு டி.வி.யில் அது வராது என்று சொல்லி வைத்திருந்தாள். அது பொய். பொத்தானை நாலு தடவை அழுத்தினால் வந்துவிடும்.

படத்தை எடுத்தவன் ஜார்விஸ். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பையன். ஸ்கெல்தோர்ப் கடற்கரையை லண்டன் என்று நம்பவைக்கப் பார்த்தான். லண்டன் மூழ்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் 'கழுதைச் சவாரி' என்ற பலகை தெரிகிறது. அதைப் பற்றி மட்டுமே எண்பது பேர் எழுதியிருந்தார்கள். நடித்தது ஊர்க்காரர்கள்தான், ரோலண்டும் லோர்னாவும் உட்பட. கூலி, முட்டை சாண்ட்விச். பேரலைக்காக ஒரு பண்ணைக்காரர் தன் டேங்கர் வண்டியை இரவல் கொடுத்திருந்தார். அது சாணக் கரைசல் அள்ளும் வண்டி. எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை.

"தண்ணி ஒரே ஒரு தடவைதான்," என்று ஜார்விஸ் மெகாபோனில் கத்தினான். "ரெண்டாவது தடவைக்குக் காசு இல்ல. என்ன ஆனாலும் யாரும் நிக்காதீங்க. கேமராவப் பாக்காதீங்க. மீன் கடை வரைக்கும் ஓடிக்கிட்டே இருங்க. புண்ணியமாப் போகும்."

தண்ணீர் வந்தது. நாற்பது பேர் ஓடினார்கள். ரோலண்ட் நின்றான். ஒரு கையைத் தூக்கினான். முழங்கால் மடங்கி, பக்கத்தில் ஓடிய ஒரு பெண்ணின் காலடியில் சரிந்தான். அவளிடம் "சாரி" என்றான்.

ரோலண்டைத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. முப்பது கிறிஸ்துமஸ் ஊர் மேடையில் வேஷம் கட்டியவன். அவனைச் சாகச் சொன்னால் சட்டென்று செத்துவிட மாட்டான். ஒரு வருஷம் கத்திக்குத்து வாங்கி, மேடையை இரண்டு சுற்றுச் சுற்றி, முன்வரிசையில் இருந்த மேயர் மனைவியின் மடியில் விழுந்து, கைதட்டல் வந்ததும் எழுந்து வணங்கி, மறுபடியும் செத்தான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். லோர்னா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அந்தச் சாவை அவன் இன்னொரு தடவை நடித்துக் காட்டுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் தண்ணீரில் கிடந்தவனை அவள் குனிந்து பார்த்து, "எழுந்திரு ரோலி. மானத்த வாங்காத," என்றாள். பிறகு மற்றவர்களைப் போல மீன் கடைக்கு ஓடினாள். பின்னால் வந்தவர்களும் அவனை மிதிக்காமல், இடித்துக்கொள்ளாமல், ஒருவருக்கொருவர் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாவம், பையனுக்கு இருப்பது ஒரே அலை. அதைக் கெடுத்த பாவம் யாருக்கு வேண்டும்?

ஜார்விஸ் 'கட்' சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். ரோலண்டைப் பார்த்தும் தட்டினார்கள். அவன் எழுந்து வணங்கவில்லை. கைதட்டல் கேட்டும் அவன் எழவில்லை என்றபோதுதான் லோர்னா திரும்பி ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சு கொஞ்சம் திரும்பியபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "நீ?" என்பது. விழுந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை.

"உன் பக்கத்துலதான் இருந்தேன். விழுந்ததும் பிடிச்சிட்டேன்," என்றாள்.

அவன் அதைப் பிடித்துக்கொண்டான். தபால்காரரிடம் சொன்னான், காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் சொன்னான். "இவ... பிடிச்சா... உடனே." இந்த மூன்று சொல்லைக் கோர்க்க அவனுக்கு முகமெல்லாம் வியர்க்கும். கேட்டவர்கள் லோர்னாவின் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். அவள் மென்று விழுங்குவாள். நல்ல கையால் அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குவதே அந்த மூன்று சொல்லின் பலத்தில்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து எடுத்துவிடுவதாக ஜார்விஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதுகொண்டே சொல்லியிருந்தான். எடுக்கவில்லை. அதை அவளுக்குச் சொன்னது ஒரு பார்வையாளரின் கருத்து. உடனே அவனுக்குப் போன் செய்தாள்.

"மிஸஸ் டக்வெல், அத எடுத்துட்டா படத்துல அலையே இல்லீங்க," என்றான் அவன். "பத்தாக்குறைக்கு, படத்துல ஜனங்களுக்குப் பிடிச்சதே அது ஒண்ணுதான்."

அதுவும் பொய்யில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ட்ரெவர் வந்தான். பக்கத்து வீடு, பௌலிங் கிளப் செயலாளர். ரோலண்டோடு மேடையில், இரண்டு பேர் உள்ளே நுழைந்து ஆடும் கழுதை வேஷத்தின் பின்பாதியாக இருபது வருஷம் நடித்தவன்.

"கண்ணு லோர்னா, சனிக்கிழமை கிளப்புல உங்க படத்தப் போடறோம்," என்றான் வாசலிலேயே. "ஆளுக்கொரு சாண்ட்விச், ஒரு கிளாஸ் பீர். முன்வரிசையில உங்க ரெண்டு பேருக்கும் சீட்டு."

"வேண்டாம் ட்ரெவர்."

"ஏன்?"

"அவனுக்கு ஆகாது. மனசு தாங்காது."

"யாரு, இவனா? கைதட்டுச் சத்தம் கேட்டா சவப்பெட்டியிலேருந்து எழுந்து வருவான்." உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினான். "டேய் ரோலி! இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"இல்ல," என்றான் ரோலண்ட் உள்ளிருந்து. இந்த ஒரு சொல் அவனுக்குத் தடங்கல் இல்லாமல் வரும்.

லோர்னா சமையலறைக்குப் போனாள். வந்தவனுக்குத் தேநீர் போடாமல் எதையும் பேசித் தீர்க்கும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. கெட்டில் கொதிக்கும்வரை வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். ட்ரெவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். என்னவென்று? நான் அவனைப் பிடிக்கவில்லை, திட்டிவிட்டு ஓடினேன் என்றா? பாலை ஊற்றினாள். சர்க்கரையை மறந்து திரும்பப் போனாள்.

தட்டோடு அவள் கூடத்துக்கு வந்தபோது இரண்டு தலைகளும் ட்ரெவரின் போனுக்கு மேல் குனிந்திருந்தன.

"உலகம் பூரா சுத்துதுடா இந்த வீடியோத் துண்டு," என்று ட்ரெவர் குலுங்கினான். "பாரு, உன் பொண்டாட்டியப் பாரு. என்ன ஒரு மூஞ்சி!"

போனிலிருந்து தண்ணீரின் இரைச்சல் வந்தது. அதைத் தாண்டி அவள் குரல், கூர்மையாக, அலுத்துப்போய். எழுந்திரு ரோலி. மானத்த வாங்காத.

ட்ரெவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ரோலண்ட் சிரிக்கவில்லை. ட்ரெவர் அவன் முகத்தைப் பார்த்தான், பிறகு தட்டோடு நிற்கிற லோர்னாவைப் பார்த்தான். மீன் கடைக்கு ஓடிய நாற்பது பேரில் அவனும் ஒருவன். சிரிப்பு பாதியில் நின்றது.

"இது... அது நடிப்புன்னுல்ல நாங்க..."

"மறுபடி," என்றான் ரோலண்ட்.

"விடுடா ரோலி."

"மறுபடி."

மறுபடி ஓடியது. இந்தத் தடவை ரோலண்ட் தன்னைப் பார்க்கவில்லை. அவன் பார்வை திரையின் ஓரத்துக்குப் போய், அங்கே தன்னைத் தாண்டி ஓடி மறையும் லோர்னாவின் பழுப்பு மேலங்கியிலேயே நின்றது.

"நல்ல டீ லோர்னா," என்று ட்ரெவர் கோப்பையைத் தொடாமலே எழுந்தான். "மழை வர்ற மாதிரி இருக்கு. துணி காயப் போட்டிருக்கேன்." கதவை மிக மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான்.

லோர்னா தட்டை வைத்தாள்.

"நீ நடிக்கிறேன்னு நெனச்சேன் ரோலி. எப்பவும் பண்ற மாதிரி பண்றேன்னு. சத்தியமா."

அவன் மேஜை மேல் இருந்த டேப்லெட்டை நல்ல கையால் அவள் பக்கம் தள்ளினான்.

"படி."

அவள் திறந்தாள். "'அருமையான படம். பெரியவர் நடிப்பு...'"

அவன் மேஜையை அறைந்தான். கோப்பைகள் குதித்தன.

"நிஜம்."

அவள் நிஜத்தைப் படித்தாள். பொய் சொல்லும்போது தானாக ஏறி இறங்கிய குரல் இப்போது பலகை மாதிரி வந்தது. "'கெழவன் விழறது உருளைக்கிழங்கு மூட்டை சரியற மாதிரி இருக்கு. இவருக்கு யாரு வாய்ப்புக் கொடுத்தது?' ஒரு நட்சத்திரம்."

"அடுத்தது."

"'சாகறப்ப எவனாவது சாரி சொல்லுவானா? இந்த வசனம் எழுதினவன அந்தத் தண்ணியிலயே போடணும்.'"

"அடுத்தது."

"'படம் முழுக்க நடிக்கத் தெரிஞ்சது ஒரே ஒருத்திக்குத்தான். எழுந்திருன்னு சொல்ற அந்தப் பொம்பள. அந்தம்மாவுக்கு விருது கொடுக்கணும்.'" அவள் நிறுத்தினாள். கீழே இன்னும் நாலு வரி இருந்தது. அதைப் பல நாட்களாக அவள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

"முழுசா."

"'நாப்பது வருஷம் இவன்கூட வாழ்ந்து, இவன் பண்ற கூத்தெல்லாம் பாத்துச் சலிச்சவ மொகம் அது. அவன் நிஜமாவே செத்தாலும் அவளுக்கு முதல்ல கோபந்தான் வரும். அப்புறந்தான் அழுகை. அத நடிச்சுக் காட்ட முடியாது.'"

ரோலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவன் கத்தினால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்கு இருந்தது. அழுதாலும் தாங்கிக்கொள்ளலாம்.

"இவன்..." என்றான். சொல்லைத் தேடினான். நெற்றியில் நரம்பு புடைத்தது. "இவன்... சரியா... பாத்திருக்கான்."

"ரோலி..."

அவள் அவன் கையைத் தொடப் போனாள். அவன் கையைக் கோபமில்லாமல் இழுத்து, மடியில் கிடந்த செத்த கையின் மேல் வைத்துக்கொண்டான்.

"அடுத்தது," என்றான்.

அவள் திரையைத் தள்ளினாள். இன்னும் நிறைய இருந்தன.