ஏரியை ஏற்றிக்கொண்டு வந்த கார்

ஹாலியார்ட் என்ற பழைய கார்களை வைத்திருப்பவர்களின் உலகக் கூடுகை டாஸ்மேனியாவில் பெல்டன் ஏரிக்கரைக்கு வந்த ஆண்டில், க்ளைவ் பர்டெட்டின் காருக்குள் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேல்மூடி இல்லாத இரண்டு சீட்டுக் கார். கதவைத் திறந்தால் தண்ணீர் கொட்டாது. மொண்டு ஊற்றினால் குறையாது. வெயிலில் நிறுத்தினால் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். ஏரித் தண்ணீரைப் போலவே அதுவும் பால் விடாத தேநீரின் நிறம். க்ளைவ் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டினான். பெட்ரோல் விலை ஏறியதைப் பற்றி ஊரில் பேசிய அளவுகூட இந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் காரை முதலில் வாங்கியவன் ரால்ஃப் ஏமரி. மழை பெய்த ஒரு சனிக்கிழமை மாலை, ஊர்க் கூடத்தில் நடனத்துக்குப் போகிற வழியில், ஏரிக்கரைச் சாலையின் வளைவில் காரோடு தண்ணீருக்குள் போனவன். ஆள் கிடைக்கவே இல்லை. பல வருஷம் கழித்து ஏரி வற்றிய ஒரு கோடையில் கார் மட்டும் சேற்றில் முதுகைக் காட்டியது. இழுத்துப் போட்டார்கள். போட்டதும் ஊர் அதைக் கோழியை உரிப்பதுபோல உரித்துக்கொண்டது. எஞ்சினை ஒரு ஆட்டுப்பண்ணைக்காரன் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோனான். ஸ்டீயரிங் சாராயக் கடைச் சுவரில் தொங்கியது. கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் ஓட்டுநர் சீட்டின் மேல் நாய் படுத்தது. பின்பார்வைக் கண்ணாடியில் ஊர் முடிதிருத்துபவர் தன் மூக்கு முடியைப் பார்த்துக்கொண்டார். மிச்சமிருந்த கூட்டை, அப்போது சாலை போடும் வேலையில் இருந்த க்ளைவ், இரண்டு மூட்டை உருளைக்கிழங்குக்கு வாங்கி வீட்டுக்குப் பின்னால் போட்டான்.

அவன் மனைவி லோர்னா ஆப்பிள் கொட்டகையில் பழம் பொறுக்கிப் பெட்டி அடைக்கிறவள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருபவளுக்கு, புருசன் சாராயக் கடைக்குப் போகாமல் கார்க் கொட்டகையில் கிடப்பது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஹாலியார்ட்காரர்களுக்கு ஒரு வெறி உண்டு. எல்லாம் அசலாக இருக்க வேண்டும். புதிதாகச் செய்த பாகம் எவ்வளவு பளபளத்தாலும் அவர்களுக்கு அது பொய்ப்பல். அந்தக் காரோடு பிறந்த திருகாணி துருப்பிடித்து வந்தாலும் முத்தமிட்டு வாங்குவார்கள். க்ளைவும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, விறகு பிளந்து கொடுத்து, வேலி கட்டிக் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தான். அதில் அவன் தலை நரைத்தது.

எஞ்சின் வந்து உட்கார்ந்த வாரம் காரின் கால் விரிப்பு ஈரமானது. கொட்டகைக் கூரை ஒழுகுகிறது என்று தகரத்தை மாற்றினான். ஸ்டீயரிங் வந்ததும் பாதம் நனையத் தண்ணீர் நின்றது. நாயை விரட்டிவிட்டுக் கொண்டுவந்த சீட்டைப் பொருத்தியதும் கணுக்கால் வரை ஏறியது. அதில் விரல் நீளத்தில் ஒரு மீன் நீந்தியதை லோர்னா பார்த்தாள். கண்ணாடி வந்ததும் கெண்டைக்கால். ஒவ்வொரு பாகத்துக்கும் ஏரி தன் பங்கை அனுப்புகிறது என்று லோர்னாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை. க்ளைவுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தண்ணீருக்காக யாராவது அசல் கண்ணாடியைக் கழற்றுவார்களா?

கூடுகைக்கு இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து என்று நாலா பக்கத்திலிருந்தும் கப்பலேற்றிக் கார்கள் வந்து சேர்ந்தன. ஏரிக்கரைப் புல்வெளியில் அவை வரிசையாகப் பானெட்டைத் திறந்து நின்றபோது பல் மருத்துவரிடம் வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம்போல இருந்தது. தீயணைப்புத் தொண்டர்கள் சாஸேஜ் சுட்டு ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தார்கள். அசல் குறையாத காருக்குத்தான் கோப்பை என்பதால் க்ளைவின் காரைச் சுற்றித்தான் கூட்டம். தண்ணீருக்கு மதிப்பெண் குறைப்பதா என்று நடுவர்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. தலைமை நடுவர் பெவரெல் என்ற ஆங்கிலேயர், முழங்கால் மடித்து உட்கார்ந்து தண்ணீரை முகர்ந்தார். ஹனவா என்ற ஜப்பான்காரர் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது குழாய்த் தண்ணீர் இல்லை, கார் கிடந்த அதே ஏரியின் பழைய தண்ணீர் என்றார். அப்படியானால் அதுவும் அசல்தான் என்று முடிவானது. காரைத் துடைக்க இந்தக் காலத்து நைலான் துணியைப் பயன்படுத்தியதற்காக மட்டும் க்ளைவைக் கடிந்துகொண்டார்கள்.

பெவரெல் எழுந்து நின்று சொன்னார்: "சாவி ஒண்ணுதான் குறை. அதுவும் இருந்தா, உடம்புல ஒரு ஆணிகூட மாறாத ஹாலியார்ட் உலகத்துலயே இது ஒண்ணுதான்."

சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். சேற்றிலிருந்து காரை இழுத்தபோது அது சாவித் துளையிலேயே இருந்தது. எடுத்து ஏமரியின் தங்கை நோராவிடம் கொடுத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத நோரா இப்போது முதியோர் விடுதியில் இருந்தார். க்ளைவ் எத்தனையோ முறை கேட்டும் கொடுத்ததில்லை. சாவிக்குப் பதில் அவன் இரண்டு கம்பியை முறுக்கித்தான் காரைக் கிளப்பிவந்தான். கூடுகையின் முதல் நாள் மத்தியானம், அவரே தடியூன்றிப் புல்வெளிக்கு வந்தார். காருக்குள் நின்ற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை அவிழ்த்துச் சாவியை க்ளைவின் உள்ளங்கையில் வைத்தார்.

க்ளைவ் ஏறி உட்கார்ந்து சாவியைத் துளையில் விட்டான். திருப்பக்கூட இல்லை. தண்ணீர் சத்தமில்லாமல் அவன் மடியைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, நெஞ்சில் வந்து நின்றது. கதவு விளிம்புக்கு மேலேயும் அது கண்ணாடிச் சுவர்போல நின்றதே தவிர ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. க்ளைவ் அசையவில்லை. உதடு நீலமானது. முகத்தில் மட்டும் வாலிபச் சிரிப்பு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"கூடத்துல பாட்டு ஆரம்பிச்சிருப்பாங்க," என்றான். "இந்த மழையில கோட்டு நனையாமப் போய்ச் சேரணும்."

வானத்தில் மேகமே இல்லை. க்ளைவுக்கு நடனமும் தெரியாது, கோட்டும் கிடையாது. லோர்னா ஓடிப்போய்த் தோள்வரை கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினாள். எலும்பு குளிர்ந்தது. தண்ணீர் கெண்டைக்காலுக்கு இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். சாவி துளையில் சுத்தமாகப் பொருந்துகிறது என்று பெவரெல் திருப்தியாகக் குறித்துக்கொண்டார்.

அவர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம்: நிற்கிற காருக்குக் கோப்பை இல்லை. கடைசி நாள் காலையில், தன் சொந்தச் சாவியில், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றில்தான் ஏமரி போன வளைவும் இருக்கிறது. வீட்டில் லோர்னா கெஞ்சினாள், திட்டினாள், சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். நெஞ்சுவரை தண்ணீர் ஏறியது க்ளைவுக்கு நினைவே இல்லை. சட்டை நனைந்ததற்கு வேர்வை என்றான்.

"வாழ்நாள்ல ஒரு தடவை ஜெயிக்கப்போறேன் லோர்னா. அதையும் கெடுக்காத."

"ஜெயிச்சு, கோப்பையை எங்க வைக்கிறது? ஏரிக்கு அடியிலயா?"

அவன் காருக்கு எண்ணெய் போடப் போய்விட்டான். மறுநாள் லோர்னா முதியோர் விடுதிக்கு நடந்தாள். நோரா ஜன்னலோரம் ஸ்கோன் என்ற சிறு ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார். இவளுக்கும் ஒன்று தடவிக் கொடுத்தார். இத்தனை வருஷம் கொடுக்காத சாவியை இப்போது ஏன் கொடுத்தீர்கள் என்று லோர்னா கேட்டாள்.

"தண்ணி வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். தண்ணி வந்தா அண்ணனும் வருவான்ல?"

"க்ளைவ் என்ன ஆவான், நோரா?"

நோரா தட்டிலிருந்த துகளை விரலால் ஒற்றி எடுத்தார். "உன் புருசன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா. நல்ல மனுசன். ஆனா என் அண்ணன் வந்தா உட்கார இடம் வேணும்ல. அது அவன் சீட்டு."

அதை அவர் நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். லோர்னா பாதி ஸ்கோனைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். பயத்தில் உட்கார்ந்துவிடுகிற பெண் இல்லை அவள். பயந்தால் வேலை செய்வாள். வீட்டுக்கு வந்து, க்ளைவ் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்த நேரம் அவன் கழற்றி மாட்டியிருந்த சட்டையின் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடைக்காரன் கூடுகைக்கு வந்தவர்களைக் கேலி பேசிக்கொண்டே, பித்தளையை அறுத்து அதேபோல ஒரு சாவி செய்து கொடுத்தான். அதைச் சாம்பலிலும் தேயிலைச் சக்கையிலும் தேய்த்துக் கறுக்கவைத்து அவன் சட்டைப் பையிலேயே போட்டாள். அசலை மாவு டப்பாவுக்குள் புதைத்தாள்.

கடைசி நாள் காலை கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. லோர்னா வளைவுக்கு முன்கூட்டியே போய்ச் சாலை ஓரத்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை, சிவப்பு, வெள்ளை என்று கார்கள் உறுமிப் போயின. பிறகு க்ளைவ் வந்தான். வளைவில் அவன் கார் தானாக வேகம் குறைந்தது. முன்சக்கரம் ஏரிப்பக்கம் திரும்பியது. க்ளைவ் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இழுப்பதும், அது மாட்டைப்போல எதிர்த்து இழுப்பதும் தெரிந்தது. தண்ணீர் அவன் மடிக்கு ஏறியது. இடுப்புக்கு ஏறியது. சாவித் துளை வரை ஏறிய தண்ணீர் அங்கே சற்று நின்றது. வீடு மாறி வந்த ஆள் கதவு எண்ணை உற்றுப் பார்ப்பதுபோல நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. முன்சக்கரம் சாலைக்குத் திரும்பியது. கார் வளைவைக் கடந்து போயிற்று.

பெவரெல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சாவியின் பற்கள் புதிது. முகம் சுளித்து, செத்த எலியைத் தூக்குவதுபோல அதை இரண்டு விரலால் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். கோப்பை ஒரு நியூசிலாந்துக்காரருக்குப் போனது. ஹனவா மட்டும் வந்து க்ளைவின் கையைப் பிடித்து, தண்ணீர் மிக நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

லோர்னா திட்டு வாங்கத் தயாராக இருந்தாள். க்ளைவ் காரை அங்கேயே விட்டுவிட்டு அவளோடு நடந்து வந்தான். பாதி வழியில் சொன்னான்:

"பக்கத்து சீட்டுல ஆள் இருந்தான் லோர்னா. அவன் முட்டி என் முட்டியில இடிச்சுது. ஐஸு மாதிரி. அவன் ரோட்டைப் பார்க்கல. என் சீட்டையே பார்த்துக்கிட்டிருந்தான்."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்: "அசல் எங்க இருக்கு?"

"மாவு டப்பாவுல."

அதன் பிறகு கார் ஒரு மாதத்தில் காய்ந்துபோனது. மாவு டப்பா நிரம்பி வழிந்தது. அடுப்படித் தரையில் தேநீர் நிறத் தண்ணீர் நின்றது. நகராட்சியிலிருந்து ஆள் வந்து குழாயைச் சோதித்து, குழாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனான். க்ளைவ் சுவரில் துளை போட்டு ஓடை வரை வாய்க்கால் வெட்டினான். சாவியை ஏரியில் எறிந்துவிடுவோம் என்று ஒருநாள் எடுத்துக்கொண்டும் போனான். கரையில் நெடுநேரம் கையை ஓங்கியபடி நின்றான். அசல் பாகத்தை எறிகிற கை ஹாலியார்ட்காரர் எவருக்கும் கிடையாது. திரும்பக் கொண்டுவந்து டப்பாவிலேயே போட்டான். நோராவிடமே கொடுத்துவிடலாம் என்று லோர்னா போய்க் கேட்டாள். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை தவிர ஆண் விருந்தாளிகளை விடமாட்டார்கள், உன் வீட்டிலேயே இருக்கட்டும், நான் அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார் நோரா.

இலையுதிர்காலம் பிறந்ததும், பின்கதவிலிருந்து அடுப்படி வரை ஈரக் காலடிகள் வர ஆரம்பித்தன. முதல் முறை, அவை சாப்பாட்டு மேசையில் க்ளைவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தன. இரண்டாம் முறை நாற்காலியே நனைந்திருந்தது. அன்று க்ளைவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது; ஜன்னியில் அவன் நடனப் பாட்டு முணுமுணுத்தான். லோர்னா அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, நோரா சொன்னதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடம் வேணும்ல. பொழுது விடிந்ததும் ஆப்பிள் கொட்டகைக்குப் போய், பழப்பெட்டிப் பலகைகளை வாங்கி வந்தாள். சுத்தியலும் ஆணியும் எடுத்து, கோணல்மாணலாக, ஆனால் ஆட்டமில்லாமல், ஒரு நாற்காலி அடித்தாள். அதில் அசல் எதுவும் இல்லை. எல்லாம் புதுப் பலகை. அதை மேசையின் மறுபக்கம், ஏரி தெரியும் ஜன்னலைப் பார்த்துப் போட்டாள். க்ளைவுக்குக் காய்ச்சல் இறங்கியது.

நோரா வாரத்துக்கு ஒருநாள் வந்து அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போனார். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பின்கதவு தானாகத் திறக்கும்போதெல்லாம் லோர்னாவின் முதுகு இன்றைக்கும் சில்லிடும். ஆனால் உருளைக்கிழங்கு உரிக்கிற கை நிற்பதில்லை.

"காலைத் துடைச்சிட்டு வாங்க," என்பாள், திரும்பாமலே.

கால்மிதியில் இரண்டு முறை தேய்க்கிற சத்தம் கேட்கும். க்ளைவ் உப்புக் கிண்ணத்தை மேசையின் அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைப்பான்.