பாதிவழியாரின் நாலாவது பயணம்

அப்பாவின் சாம்பல் இருந்த டப்பாவுக்கு உயிர்காப்பு அங்கியை மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினாள் மகள். அவர் வருடக்கணக்காகப் போட்டுத் தேய்த்த ஆரஞ்சு அங்கி. டப்பாவுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"இன்னொரு இழுப்பு இழு. தளர்வா இருந்தா அவருக்குப் பிடிக்காது," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மூன்று நாளாக இருவருக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன.

கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொடுப்பது அப்பாவின் தொழில். ஊரில் அவருக்குப் 'பாதிவழி' என்று பெயர். அலை கொஞ்சம் முறைத்தாலும் பாதி வழியில் படகைத் திருப்பிவிடுவார். கேலி செய்தால், "திரும்பி வந்து சாப்பிடறவன்தான்டா நல்ல ஓட்டி" என்பார். கடலில் ஒரு கீறல்கூட வாங்காத அந்த மனிதர் செவ்வாய்க்கிழமை மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

வீட்டிலிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்த இந்த விரிகுடாவின் மேல் அவருக்குத் தீராத ஆசை. அதோ தெரியும் பாறை முனையைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் திரும்பினார். நாலாவது முறை நான் கூட்டிப்போகிறேன் என்று மகள் வாக்குக் கொடுத்திருந்தாள். மாலை அவளுக்கு வேலைக்குத் திரும்ப ரயில். இன்றைக்கு விட்டால் அடுத்த விடுமுறை எட்டு மாதம் கழித்துத்தான்.

பழகாத தண்ணீர் என்பதால் எல்லாம் அப்பா முறைப்படியே நடந்தது. வலை தைத்துக்கொண்டிருந்தவரிடம் நீரோட்டம் எப்படி என்று விசாரித்தாள். எத்தனை பேர், எந்தத் திசை, பத்து மணிக்குள் திரும்புவோம் என்று சீட்டு எழுதிக் கரைக்காவலரிடம் கொடுத்தாள்.

அம்மா முன்னால், மகள் பின்னால், அப்பா நடுவில். கயாக் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று.

"என்ன சுகமா போகுது பாரு. இதுக்கா மூணு தடவை பயந்தார்?" என்றாள் அம்மா.

மகள் துடுப்பை மடியில் வைத்தாள். துடுப்புப் போடாமலே படகு போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். கரையில் இருந்த மனிதர்கள் எறும்பாகியிருந்தார்கள். முனையின் அடியில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இருநூறு துடுப்பு வீச்சுதான்.

"ஏன்டி நிறுத்திட்ட?"

"காத்து முதுகுல அடிக்குதும்மா. போக விடும், வர விடாது."

அம்மா முனையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"இங்கயே கரைச்சிடலாமாம்மா?"

"பாதி வழியிலயா? செத்தும் அந்தப் பேரு போகாதே. திருப்பு. அவரா இருந்தா எப்பவோ திருப்பியிருப்பார்."

போகும்போது கால் மணி; வரும்போது ஒரு மணிக்கு மேல். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. கரையைத் தொட்டபோது பத்து மணி தாண்டியிருந்தது; காவலர் மோட்டார் படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சீட்டுல மூணு பேர்னு இருக்கு. ரெண்டு பேர்தான் வர்றீங்க. இன்னொருத்தர் எங்கம்மா?"

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதிலிருந்து எழுதிய எண்ணிக்கையைக் கை தானாக எழுதியிருக்கிறது.

அம்மா அங்கியோடு டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "இதோ இருக்கார். எங்களை விட்டுட்டு எங்க போவார்?"

காவலர் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, சீட்டை எடுத்து 'மூவரும் திரும்பினர்' என்று எழுதினார்.

"உன் ரயில்?" என்றாள் அம்மா.

"நாளைக்குப் போறேன். காலைல காத்து எப்படின்னு பாப்போம்."

அம்மா மணலில் உட்கார்ந்து ஈர அங்கியைக் கழற்றினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து, டப்பாவை மூடியிலிருந்து அழுத்தித் துவட்ட ஆரம்பித்தாள்.