இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு டம்ளர்

கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாட்டின் தேசியக் கூட்டமைப்புச் செயலாளர் நெல்சிக்கு ஒரு சங்கதி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. நான்கு வருஷமாகப் பட்டப் போட்டியில் ஏதெர் எதிரே நின்ற அத்தனை பேரையும் சாய்த்துவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வருகிறான். அங்கே ரோஸ்மீராவிடம் மட்டும் மண்ணைக் கவ்வுகிறான். அதெப்படி?

இந்த வருஷம் பர்ரான்கியா நகரில் நடந்த இறுதி ஆட்டத்தை நெல்சி மேடையில் உட்காராமல் பந்து உருளும் பாதை ஓரமாகவே நின்று கவனித்தாள். கை குலுக்கியதும் ரோஸ்மீரா, பனிக்கட்டி மிதக்கும் கொரோசோப் பழச்சாற்றை ஏதெர் பந்து வீசும் வலது கையில் கொடுத்தாள். அவனும் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தான். முதல் வீச்சிலேயே பந்து கட்டைவிரலை விட்டு நழுவி, ஓரப் பள்ளத்தில் உருண்டது.

நெல்சிக்குப் பொறி தட்டியது. குளிர்ந்தால் விரல் சுருங்கும். விரல் சுருங்கினால், அதை நுழைத்துப் பிடிக்கும் பந்தின் துளை லொடலொடக்கும். விதிப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினாள். பாதைக்குப் பூசும் எண்ணெய், காலணி, பந்தின் எடை எல்லாம் இருந்தன. பழச்சாறு மட்டும் இல்லை.

தோற்று வந்தவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏம்ப்பா, உனக்கு மூளை இருக்கா? அந்த டம்ளர்தான் உன்னைக் கவுக்குது.”

“தெரியும் மேடம். மூணு வருஷமா தெரியும்.”

“தெரிஞ்சுமா குடிச்சே? இடது கையில வாங்கித் தொலைச்சா என்ன?”

ஏதெர் ஈரக் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“இடது கையில வாங்கினா, அவங்க அடுத்த வருஷம் கொடுக்க மாட்டாங்களே.”