தானே மையம் பார்க்கும் பிட்

அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் ரசமட்டம். கதவு மாட்டுகிறவர். மட்டம் பார்க்கிற கருவியை அவர் தொட்டதே இல்லை. கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தால், கோணலாக நிற்கிற சுவர் வெட்கப்பட்டுத் தானே நிமிர்ந்துகொள்ளும். எதிரே வருகிறவரின் மீசை ஒரு பக்கம் நூலளவு இறங்கியிருந்தாலும் நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. தன் கல்யாணத்தன்று புகைப்படக்காரரின் முக்காலியை நிமிர்த்தப் போய்விட்டார். பாதிப் படங்களில் மணமகள் தனியாகத்தான் நிற்கிறாள்.

அந்த மணமகள்தான் பிறகு அவருக்கு வேலைத்துணை. கதவைத் தாங்கிப் பிடிப்பது, கீலை எடுத்துக் கொடுப்பது, வீட்டுக்காரர்களிடம் வாயாடுவது எல்லாம் அவள் இலாகா.

கொஞ்ச காலமாகத் திருகுகள் சாய ஆரம்பித்தன. கீல் தகட்டின் துளைக்கு நடுவே இறங்க வேண்டிய டிரில் ஓரமாக இறங்கியது. திருகின் தலை துருத்திக்கொண்டு நின்றது. கதவைச் சாத்தினால் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி அலறியது. அவள் முதலில் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் குறை சொன்னாள். கண்ணாடியை மாற்றியாயிற்று. அப்புறம் மரத்தை, அப்புறம் மின்சாரத்தை. பழகின தெருவில் ஒருநாள் அவர் வண்டியைத் தவறான பக்கம் திருப்பியபோது, அந்தத் தெருவையே திட்டித் தீர்த்தாள்.

வேலை பிடித்துத் தருகிறவன் அவளுடைய தம்பி. வீடு கட்டிக் கொடுக்கிற ஒப்பந்தக்காரன்.

“அக்கா, மாமா மாட்டின கதவுல ஒரு திருகுகூட நேரா இல்ல. வீட்டுக்காரங்க போட்டோ எடுத்து எனக்கே அனுப்புறாங்க. அடுத்த வேலையும் இப்படின்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். கோவிச்சுக்காதே.”

“அவருக்குக் கை சோர்ந்துபோச்சுடா, அவ்வளவுதான். கைக்கு வழி இருக்கு.”

வழியைத் தேடி இரும்புக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு குட்டிச் சாமானை மேசையில் வைத்து, ராக்கெட் விடுகிறவர் மாதிரி விளக்கினார்.

“தானே மையம் பார்க்கிற பிட்டும்மா. பிட்டைச் சுத்திக் குழல், உள்ள ஸ்பிரிங். குழலோட மூக்கைக் கீல் துளையில வெச்சு அமுக்குங்க. மூக்கு சரிவா இருக்கிறதால சரியா நடுவுல உக்காந்துக்கும். அப்புறம் பிட் மையத்துலதான் இறங்கும். கை ஆடினாலும் சரி, பூமியே ஆடினாலும் சரி.”

“எங்க வீட்டுக்காரரை இதுக்குள்ள விட்டு அமுக்கினா நேரா ஆயிடுவாரா?”

“அந்த சைஸ் வரலைம்மா.”

மறுநாள் வேலை ஒரு புது வீட்டின் மாடியில், சாமான் அறைக்கு. உள்பக்கமாகத் திறக்கிற கதவு. கீலின் ஒரு இறக்கை கதவின் மேலேயும் மறு இறக்கை நிலையின் மேலேயும் உட்காரும். அறைக்குள் நின்றுகொண்டு மாட்ட வேண்டும். ரசமட்டம் பிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த வயசுல எனக்கு நடைவண்டி வாங்கிட்டு வந்திருக்கியா?”

“நடந்து பாருங்க, அப்புறம் பேசுங்க.”

குழலின் மூக்கைத் துளையில் வைத்து அமுக்கினார். ஒரு ‘விர்’. எடுத்தால், துளை நட்ட நடுவில். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. திருகின் தலை தகட்டோடு தகடாகப் படிந்தது. அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி உடையாமல் இருந்தது அதிசயம்.

“பார்த்தீங்களா? கைதான்! நான் சொல்லலை?” என்று அவள் அந்தச் சின்ன அறைக்குள் ஒரு சுற்று ஆடியே விட்டாள்.

அந்தக் கதவுக்கான கீல்கள் முடிந்தன. கதவு சத்தமில்லாமல் போய் வந்தது. பக்கத்து அறைக்கான கீல்கள் மட்டும் பெட்டியில் மிச்சம். கீழ்த்தளத்தில் நிற்கிற தம்பியைக் கூட்டி வந்து காட்டாவிட்டால் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும். கீழே ஓடினாள்.

“வாடா, உன் போட்டோக்காரங்களையும் கூப்பிடு. இப்ப எடுக்கச் சொல்லு!”

மேலே வந்தால் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். அசையவில்லை. தம்பி தோளைக் கொடுத்தான். ஊகூம்.

“ஏங்க, தாழ் போட்டுட்டீங்களா?”

“தாழே இன்னும் மாட்டலையே.”

“அப்ப ஏன் திறக்க மாட்டேங்குது?”

உள்ளே அவர் கதவைத் தடவிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் ஆச்சரியத்தோடு வந்தது.

“இங்க ரெண்டு பக்கமும் கீல் இருக்குடி. எவனோ மாட்டிட்டுப் போயிருக்கான்.”

தம்பி சிரிக்க வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

“ஆனா வேலை சுத்தம்,” என்றார் உள்ளேயிருந்து. “ஒவ்வொரு திருகும் மையத்துல உக்காந்திருக்கு. கை நல்ல கை. கதவுன்னா திறக்கணும்ங்கிறதை மட்டும் பாவி மறந்துட்டான்.”

“அக்கா, மாமா விளையாடுறாரா?”

“இல்லடா.” அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடி, மரம், மின்சாரம், தெரு, கை. இனிமேல் குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை. “கையில குறை ஒண்ணுமே இல்லடா. கை நல்லாத்தான் இருந்திருக்கு.”

தம்பி பக்கத்தில் குந்தினான்.

“நீ வெளியில என்ன பண்றே?” என்று கதவு கேட்டது. “உள்ள வாயேன்.”

“வரேன். பெட்டியில திருப்புளி இருக்கு, எடுத்துக்குங்க.”

“எடுத்தாச்சு. எந்தப் பக்கம் கழட்டணும்?”

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தலைப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள். “கடிகாரம் கட்டின கைப் பக்கம். மேல இருந்து ஆரம்பிங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

திருகுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்று விழுந்ததும் “அடுத்தது?” என்று அவர் கேட்க, அவள் சொன்னாள்.

கதவு திறந்தது. புருவமெல்லாம் மரத்தூளோடு வெளியே வந்தவர் மைத்துனனைப் பார்த்தார்.

“மாப்ள, நீ அனுப்பின ஆளா அவன்? திட்டாதே. பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லிட்டே இருந்தா பிரமாதமா செய்வான்.”

“அதுக்கென்ன மாமா, அக்கா நிப்பா. நாளைக்கும் வேலை இருக்கு,” என்று தம்பி அவசரமாகச் சொன்னான்.

அவள் மறுப்பாகத் தலையாட்டினாள். “வேண்டாம்டா. நாளைக்கு வேற ஆளைப் பாரு.”

“அவ சொல்றதுதான் சரி,” என்றார் ரசமட்டம், வருத்தத்தோடு. “பாவம்தான். ஆனா அவனை நம்பி ஒரு வீட்டை விட முடியாது.”

டிரில்லைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு நடந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வாடி, இந்தக் கதவைப் பிடி.”

அவள் எழுந்து போய்ப் பிடித்தாள்.